உப்பு போட்ட கிணறு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரி. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் முன் அறையில் வாடகைக்கு இருந்த டீச்சர். அவ்வளவுதான்.

கதவைச் சாத்தியிருந்தோம். லீவு நாளில் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தாங்க டீச்சர். தெருப் பிள்ளைகள் பார்த்தால் எல்லாம் வந்து கையை வைக்கும். ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்தாங்க. அடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்தாங்க.

எல்லாம் என் தோட்டத்துக்காக.

அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையை ஒட்டி எனக்கு முக்கால் ஏக்கர். முழுக்கக் கனகாம்பரம். அதை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. செடி முதலில் மஞ்சளானது. பிறகு இலை ஓரம் கருகியது. தண்ணீர் விட விட இன்னும் ஜாஸ்தியாகக் கருகியது. அதுதான் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் இல்லாமல் சாகிற செடியைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் விட்டுச் சாகிற செடியை அப்போதுதான் பார்த்தேன்.

உரக்கடையில் யூரியா போடச் சொன்னார்கள். போட்டேன். யாரோ செய்வினை என்றார்கள். எலுமிச்சம்பழம் வெட்டிப் புதைத்தேன். கருகுவது நிற்கவில்லை.

டீச்சர் வேலூர் பக்கத்து ஆள். குடி வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் வந்தவங்க, பாத்தி மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாங்க.

"அண்ணே, கெணத்துல இன்னா போடறீங்க?"

"நான் ஒண்ணும் போடறதில்ல. சனங்க போடறாங்க."

"இன்னாத்த?"

"உப்பு."

டீச்சர் என்னையே பார்த்தாங்க. சொன்னேன்.

எழுபதுகளில், என் அப்பா இருந்தபோது, மலை சுற்ற வந்த ஒரு ஆள் எங்கள் கிணற்றில் உப்பும் மிளகும் போட்டான். கையில் மரு. உப்பு கரைகிற மாதிரி மரு கரையவேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அடுத்த பௌர்ணமிக்கு வந்து கையைக் காட்டினான். மரு இல்லை. அப்பா கிணற்றோரம் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார். அதோடு பிடித்துக்கொண்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆள் வந்தது. மருவுக்கு, படைக்கு, தேமலுக்கு, எல்லாத்துக்கும் உப்பு. என் வீட்டுக்காரி பாதையோரம் தட்டு வைத்துப் பொட்டலம் கட்டி விற்றாள். மளிகைக்கு ஆனது. எங்கள் கிணற்றில் போட எங்களிடமே வாங்கினார்கள். கிணறு பெரிசு, உப்பு ஒரு கைப்பிடி என்றுதான் நினைத்தோம்.

பிறகு மகளுக்குக் கழுத்தில் வெள்ளை விழுந்தது. முதலில் ஒரு பொட்டு அளவு. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் வீட்டுக்காரியும் ஒரு கைப்பிடி போட்டாள். மகள் கூடப் போய் நிற்பாள்.

டீச்சர் எல்லாம் கேட்டாங்க. "ஞாயித்துக்கெழமை வீட்ல இருங்க. ஒண்ணு காட்டறேன்" என்று மட்டும் சொன்னாங்க.

அப்படித்தான் மைக்ராஸ்கோப் வந்தது.

முதலில் சின்ன வெங்காயத்தை உரித்தாங்க. மேல் ஏட்டிலிருந்து ஊதா நிறத் தோலை நகத்தால் கிள்ளி இழுத்தாங்க. அது பட்டுத் துணி மாதிரி மெல்லிசாக வந்தது. கண்ணாடித் துண்டில் வைத்து, குடிக்கிற தண்ணீர் ஒரு சொட்டு விட்டாங்க.

மகள்தான் முதலில் பார்த்தாள். "செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு டீச்சர்."

"ஒவ்வொரு செங்கல்லும் ஒரு செல். சுத்தி கோடு தெரியுதே, அது இன்னா?"

"செல்சுவர்."

"எதுக்கு?"

"செல்லுக்கு உருவமும் பாதுகாப்பும் அளிக்கிறது." புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொன்னாள். அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.

"சுவத்துக்கு உள்பக்கமா ஒட்டிகினு இருக்கறது?"

"செல்சவ்வு. எதை உள்ள விடணும், எதை வெளிய விடணும்னு பாத்து விடும்."

மச்சான் சும்மா இருக்கமாட்டான். "அது எங்கக்கா மாதிரின்னு சொல்லு. மாமா சீட்டாடப் போனா வெளிய விடாது."

"நீ வாய மூடு. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு இன்னும் போவல" என்றாள் வீட்டுக்காரி.

நான் குனிந்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. டீச்சர் பக்கத்துத் திருகைத் திருப்பினாங்க. சட்டென்று வந்தது. மகள் சொன்ன மாதிரியே செங்கல். சுவருக்குள் ஊதா நிறைந்து நின்றது. சிலதில் ஓரமாக ஒரு பொட்டு.

"அந்தப் பொட்டு உட்கரு. எது எப்போ நடக்கணும்னு அங்கேர்ந்துதான் உத்தரவு. ஊதாவா நெறைஞ்சிருக்கே, அது ஒரு பை. வாக்குவோல்னு பேரு. தண்ணி அதுலதான் நிக்குது. அது முட்ட நெறைஞ்சிருந்தாத்தான் இலை விறைப்பா நிக்கும்."

"கொறஞ்சா?"

"தொங்கிடும்."

"டீச்சர், மைட்டோகாண்ட்ரியா எங்க?" என்றாள் மகள்.

"இதுல தெரியாது. அவ்ளோ சின்னது. செல்லுக்கு வேண்டிய சக்திய அதுதான் தயார் பண்ணுது."

"எங்க ஊரு தலைவரு மாதிரி" என்றான் மச்சான். "எல்லா வேலையும் அவருதான் பண்றாருன்னு சொல்றாங்க. ஒருத்தனும் பாத்ததில்ல."

டீச்சர் சிரித்துவிட்டாங்க. அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்தது அது ஒன்றுதான்.

அடுத்தது இலை. பக்கத்துக் கொல்லைக்காரன் செடியில் ஒன்று, என்னுடையதில் ஒன்று பறித்து வரச் சொல்லியிருந்தாங்க. பிளேடால் மெல்லிசாகச் சீவினாங்க. பக்கத்துக் கொல்லை இலையில் பச்சை மணி மணியாக நிறைந்து கிடந்தது. பசுங்கணிகம் என்றாங்க. வெயிலைப் பிடித்து வைத்துச் செடிக்குச் சோறு ஆக்குவது அதுதானாம். என் இலையைப் பார்த்தேன். மணி கம்மி. இருந்ததும் வெளுத்திருந்தது. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுபடி வெங்காயத் தோலை எடுத்தாங்க. இந்தத் தடவை எங்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டாங்க. பார்த்தோம். ஊதா அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா" என்றாள் வீட்டுக்காரி. அது வரைக்கும் அவள் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க கெணத்துக்கு ஒண்ணும் இல்ல."

"இருங்கக்கா. செடி கெணத்துலயா நிக்குது? மண்ணுலதான நிக்குது. வெயிலுக்குத் தண்ணி போயிடும். உப்பு போவாது. அங்கியே சேந்துகினு வரும்."

பாத்தியில் பூத்திருந்த வெள்ளையை நான் ஒரு டம்ளரில் சுரண்டி வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் தண்ணீர் கலக்கித் துணியில் வடிகட்டினாங்க. தோலின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாங்க. மறுபக்கம் மை ஒற்றுகிற காகிதத்தை வைத்து உறிஞ்சினாங்க.

"அண்ணே, நீங்க பாருங்க. கண்ண எடுக்காதீங்க."

பார்த்தேன். மூலையில்தான் ஆரம்பித்தது. ஊதா சுவரை விட்டு விலகியது. பிறகு எல்லாப் பக்கமும் விலகியது. சுவர் இருந்த இடத்திலேயே நின்றது. உள்ளே இருந்தது சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு உருண்டையாக ஒதுங்கியது. குடித்தனம் காலி பண்ணின வீட்டில் ஒரே ஒரு மூட்டை கிடக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு செங்கல்லிலும் அப்படி.

"வெளிய உப்பு ஜாஸ்தி. அது உள்ள இருக்கற தண்ணிய இழுத்துகினு இருக்குது. வேர்லயும் இதான் நடக்குது. நீங்க ஊத்தற தண்ணி செடிக்கு ஏற மாட்டேங்குது. செடி கிட்ட இருக்கறதும் மண்ணுக்குப் போவுது."

"நல்ல தண்ணி விட்டா?"

டீச்சர் குடிக்கிற தண்ணீரை விட்டாங்க. ஊதா மெதுவாகப் பரவிச் சுவரைத் தொட்டது. எனக்கு மூச்சு வந்தது.

"ரொம்ப நேரம் ஆவறதுக்குள்ள வுட்டா இப்படித் திரும்பும். நேரம் கழிச்சு வுட்டா அந்த சவ்வு செத்துடும். அப்புறம் எவ்ளோ தண்ணி வுட்டாலும் வராது."

"எவ்ளோ நேரம்?"

"வெங்காயத்துக்குச் சொல்லலாம். உங்க செடிக்கு எனக்குத் தெரியாது அண்ணே."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாங்க. உரக்கடைக்காரன் அப்படிச் சொன்னதில்லை.

மகள்தான் கேட்டாள். "விலங்கு செல் பாக்கலாமா டீச்சர்? ரெண்டுக்கும் வித்தியாசம் கேப்பாங்க."

தீக்குச்சியை எடுத்து, மருந்து இல்லாத முனையால் அவள் கன்னத்தின் உள்பக்கம் லேசாகச் சுரண்டினாங்க. ஏதோ சாயம் ஒரு சொட்டு விட்டாங்க. வீட்டுக்காரி அப்போதுதான் எழுந்து வந்து கண்ணை வைத்தாள்.

"இது இவளா?"

"இவ கன்னம்தான்."

"சுவரே காணோம்."

"நமக்குக் கெடையாதுக்கா. செடிக்குத்தான். நமக்கு சவ்வு மட்டும்தான். பச்சையும் கெடையாது, பெரிய தண்ணிப் பையும் கெடையாது. உட்கரு இருக்கு, தோ நடுவுல."

"அதான் எங்கக்காவுக்கு ஒண்ணு சொன்னா ஒடனே ஏறுது" என்று மச்சான் ஆரம்பித்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. நிறுத்திக்கொண்டான்.

மகள் கழுத்துத் தாவணியை விலக்கினாள். "டீச்சர், இத சொரண்டிப் பாத்தா தெரியுமா?"

டீச்சர் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்தாங்க. துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"இதுல தெரியாதும்மா. தோலுக்கு நெறம் குடுக்கறதுக்குன்னு தனியா செல் இருக்கு. அந்த எடத்துல அது இல்லாம போயிடுச்சு."

"ஏன்?"

"ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல. ஒட்டாது. வலிக்காது. யார் மேல தப்பும் இல்ல. ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கறாங்க. சில பேருக்கு நெறம் திரும்புது. சில பேருக்கு இல்ல."

"உப்பு போட்டா?"

வீட்டுக்காரி அசையாமல் நின்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் தேவலை என்று நினைத்தேன்.

"வராதும்மா."

வீட்டுக்காரி அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரம் விழுந்தது. மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான். மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாங்க டீச்சர்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரி சொன்னாள். "விக்கறத நிறுத்திடறேன். எம் பொண்ணுக்குப் போடறத நிறுத்த மாட்டேன்."

"ஒரு கைப்பிடிதான. போடு" என்றேன்.

அப்படிச் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் ஒரு கைப்பிடியில் தோட்டம் போகவில்லை. ஊர் போடுகிற உப்பை நிறுத்தினால் போதும். மண்ணைக் கழுவ ஒரு நல்ல மழை வந்தால் போதும். டீச்சரும் அதைத்தான் சொன்னாங்க. மண்ணைக் கழுவி வடிய விடணும், புதுசாக உப்பு வரக்கூடாது, வேர் செத்திருக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்து நடக்கவேண்டும்.

ஒரு பலகை வாங்கினேன். மகள் சுண்ணாம்பில் எழுதினாள். "இந்தக் கிணற்றில் உப்பு போடாதீர்கள்." பாதையோரம் நட்டேன்.

பௌர்ணமிக்கு மச்சானைப் பலகை பக்கத்தில் உட்கார வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு கூட்டம் அவனைச் சுற்றி நின்றது. செய்யாறு பக்கத்து ஆளுங்க. முன்னே பின்னே வராதவர்கள்.

"ஏம்ப்பா, இதுல உப்பு போட்டா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. மரு உதிரும்னு போடுவாங்க. போடக்கூடாது."

"உதிருதா?"

"சில பேருக்கு உதிருதுன்றாங்க. அதெல்லாம் வேணாம், போங்க."

"தேமலுக்கும் கேக்குமா?"

"எல்லாத்துக்கும்தான் போடறாங்க. அதனாலதான் போடக்கூடாதுன்னு எழுதியிருக்குது."

அவர்கள் எதிர்க்கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தார்கள். ஒரு அம்மா முழுப் பொட்டலத்தையும் காகிதத்தோடு போட்டது. நாங்கள் விற்காததால் எதிர்க்கடைக்காரன் மூட்டையே இறக்கியிருந்தான்.

"மச்சான், உன்ன இன்னா சொல்லச் சொன்னேன்?"

"போடாதேன்னுதான் மாமா சொன்னேன். ஏன்னு கேக்கறாங்களே."

பலகையைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டேன். அதற்குள் நாலு ஊருக்குத் தெரிந்துவிட்டது.

வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கிணற்றைச் சுற்றிப் போட்டேன். முள்ளுக்கு மேலே வீசினார்கள். பாதி உள்ளே விழுந்தது. பாதி பொட்டலமாக முள்ளில் தொங்கியது. ஆடு வந்து நக்கியது. முள்ளை இழுத்து அப்புறம் போட்டேன். கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு நாள் கடப்பாரையோடு போனேன். மஞ்சள் புதுசாகப் பூசியிருந்தது. பூவும் வைத்திருந்தது. கடப்பாரையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

கிணற்றுத் தண்ணீர் விடுவதை நிறுத்தினேன். ஊர்க் குழாயிலிருந்து குடத்தில் கொண்டுவந்து வேரோரம் ஊற்றினேன். முக்கால் ஏக்கருக்குக் குடம் எந்த மூலைக்கு? குழாயடியில் சண்டை வந்தது. சனங்களுக்கே குடிக்க இல்லை, நீ பூவுக்கு ஊத்தறியா என்று ஒரு அம்மா குடத்தைத் தட்டிவிட்டது. அந்த அம்மா கேட்டது நியாயம்தான்.

டீச்சருக்கு அரைப்பரீட்சைக்கு முன்னாலேயே மாற்றல் வந்துவிட்டது. போகும்போது தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனாங்க. மகளிடம் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போ, விடாமல் போ என்று சொன்னாங்க. இரண்டு தடவை கூட்டிப்போனேன். ஏதோ களிம்பு கொடுத்தார்கள். வெள்ளை தாடைக்கு வந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பெய்தது. வரப்பை நானே வெட்டிவிட்டேன். தண்ணீர் மண்ணைக் கழுவிக்கொண்டு ஓடைக்குப் போனது. கிணறு மேலே வந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு தெரியவில்லை.

செடி எல்லாம் குச்சியாக நின்றது. உடைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்திருந்தது. நேரம் கழித்து விட்ட தண்ணீர். ஆனால் கிணற்றோரத்து ஒரு வரிசையில் கணுவில் பச்சை விட்டிருந்தது. மிளகு அளவுதான். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தாள். விரலால் தொடவில்லை.

"பொழைக்குமா?"

"உப்பு விழாம இருந்தா."

அவள் எழுந்து போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அதற்கு அடுத்த செவ்வாயும் போகவில்லை.

அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.

தீபத்துக்கு எத்தனை சனம் வரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. விடிந்ததும் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர்களிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். தோட்டத்தைக் காட்டினேன். உப்பினால் இப்படி ஆச்சு என்றேன். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "பாவம்ப்பா" என்றார். "ஒருத்தர் போடறதுல ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் படை. நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணா, பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துட்டோம்ணா" என்றது. நான் நகர்ந்து வழி விட்டேன்.

அதன் பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வேலை இல்லை. தோட்டத்தில் பறிக்கப் பூ இல்லை. சும்மா இருக்க முடியாமல் எண்ண ஆரம்பித்தேன். போட்டவர்களை மட்டும் எண்ணினேன். நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களைச் சேர்க்கவில்லை.

உச்சிப்பொழுதுக்கு மகள் வந்தாள். சாப்பாட்டுத் தூக்கை என் பக்கத்தில் வைத்தாள். தாவணியைக் கழுத்து தெரியாமல் சுற்றியிருந்தாள். பரீட்சையில் அந்தப் பாடத்தை ஒரு வரி விடாமல் எழுதினவள். இன்னொரு கையைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"அம்மா குடுத்து அனுப்பினாளா?"

"இல்லப்பா. நானாதான்."

கிணற்றோரம் போய் நின்றாள். கையைத் திறந்தாள். தண்ணீரில் சத்தமே வரவில்லை. கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாப்பிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். இருட்டுகிறவரைக்கும் எண்ணினேன். மலை மேல் தீபம் ஏற்றியதும் சனம் கையெடுத்தபோது நிறுத்தினேன்.

மகளையும் சேர்த்து எழுநூற்று முப்பத்தெட்டு.